கார்கோபொல் எந்த மாகாணத்து ஊர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்குக் குபேர்னியா, உயெஸ்த் போன்ற சொற்கள் கண்ணில் பட்டிருக்கும். பொருள் தெரியாமலே அவற்றைத் தாண்டிப் போய்க் கதையைப் படித்து முடித்திருப்போம். எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருமுறை வட ரஷ்யாவின் கார்கோபொல் மாவட்டத்தைப் பற்றிப் பேசினேன். அரை மணி நேரப் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் கேள்விகள் வந்தன. அதற்குப் பிறகும் தொலைபேசியில், கல்யாண வீட்டில், பேருந்து நிறுத்தத்தில் என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பெரும்பாலும் ஒரே குழப்பம்தான்: ஒரு புத்தகத்தில் கார்கோபொல் நோவ்கோரத்தைச் சேர்ந்தது, இன்னொன்றில் ஒலோனெத்ஸ், மூன்றாவதில் வோலக்தா, வரைபடத்தில் அர்ஹாங்கெல்ஸ்க். நான்குமே சரி. எப்படி என்று கீழே சொல்லியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டுவிட்டேன்.

கார்கோபொல் எங்கே இருக்கு? பேரே கேள்விப்பட்டதில்லையே.

ஐரோப்பிய ரஷ்யாவின் வடக்கில், அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணத்தின் தென்மேற்கு மூலையில். லாச்சா என்றொரு பெரிய, ஆழமில்லாத ஏரி. அதிலிருந்துதான் ஒனேகா ஆறு புறப்பட்டு வடக்கே 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வெள்ளைக் கடலில் கலக்கிறது. ஏரியை விட்டு ஆறு கிளம்பியதும் அதன் கரையில் வரும் ஊர் கார்கோபொல்.

மேற்கே கரேலியக் குடியரசின் பூதோஷ் மாவட்டம், தெற்கே வோலக்தா மாகாணத்தின் வித்தெக்ரா, கிரில்லவ் மாவட்டங்கள், வடக்கிலும் கிழக்கிலும் அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணத்தின் மற்ற மாவட்டங்கள். மூன்று ஆட்சிப் பகுதிகள் முட்டிக்கொள்ளும் மூலை இது. பின்னால் வரும் குழப்பங்களில் பாதிக்கு இந்த இடம்தான் காரணம்.

இது நகரமா, மாவட்டமா? ரெண்டையும் மாத்தி மாத்திச் சொல்றீங்களே.

இரண்டும் உண்டு. கார்கோபொல் ஒரு சின்ன, மிகப் பழைய நகரம். அதைத் தலைமையிடமாகக் கொண்டது கார்கோபொல் மாவட்டம். மாவட்டத்தின் பரப்பு சுமார் 10,130 சதுர கிலோமீட்டர். லெபனான் நாட்டை விடக் கொஞ்சம்தான் சின்னது. 2010 கணக்கெடுப்பில் அவ்வளவு நிலத்திலும் இருந்தவர்கள் 18,466 பேர். அவர்களில் 10,214 பேர் நகரத்துக்குள். மிச்சமெல்லாம் காடு, சதுப்பு, ஏரி, நடுநடுவே மரவீட்டுக் கிராமங்கள்.

உயெஸ்த், வோலஸ்த், ரயோன், ஒப்லாஸ்த்... தலை சுத்துது. சுருக்கமா சொல்லுங்க.

ஜார் காலத்தில் பெரியது குபேர்னியா, அதற்குள் உயெஸ்த், அதற்குள் வோலஸ்த். சோவியத் காலத்தில் பெரியது ஒப்லாஸ்த், அதற்குள் ரயோன், அதற்குள் கிராம சோவியத். இந்த இரண்டு வரிசையை நினைவில் வைத்தால் போதும். கிராய், ஒக்ருக் எல்லாம் இடையில் வந்து போகும் விருந்தாளிகள், வரும்போது அறிமுகப்படுத்துகிறேன்.

தமிழில் ஒப்லாஸ்த்தை மாகாணம் என்றும் ரயோனை மாவட்டம் என்றும் எழுதுகிறேன். குபேர்னியாவையும் உயெஸ்த்தையும் அப்படியே விட்டுவிடுகிறேன். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தால், பழைய உயெஸ்த்தும் புதிய ரயோனும் ஒன்று என்று வாசகர் நினைத்துவிடுவார். ஒன்றில்லை.

சரி, மாவட்டம் எப்ப உருவாச்சு? ஒரே ஒரு தேதி சொல்லுங்க.

1929 ஜூலை 15. அன்று அந்த வட்டாரத்தின் உயெஸ்த்களைக் கலைத்து மாவட்டங்களாகப் பிரித்தார்கள். கார்கோபொல் மாவட்டத்துக்கு அதுதான் பிறந்தநாள். அதற்கு முன்னால் இருந்தது கார்கோபொல் உயெஸ்த். அது பதினாறாம் நூற்றாண்டிலேயே இருந்தது.

1146ல உருவான ஊர்னு எல்லா இடத்திலும் போட்டிருக்கே?

போட்டிருக்கிறது. ஆனால் அது மரபுவழிக் கதை. பெலோஸேர்ஸ்க் சிற்றரசன் ஒருவன் எதிரிகளைத் துரத்திக்கொண்டு வந்து இங்கே ஒரு காவலிடம் அமைத்தான் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த ஆண்டின் மேல் பற்று அதிகம். நான் அதோடு சண்டைக்குப் போவதில்லை. குலிக்கோவோ போர் நடந்த 1380ஐ ஒட்டிய குறிப்புகளில்தான் கார்கோபொல் சிற்றரசர்கள் பேர் அடிபடுகிறது. 1440களில் மாஸ்கோ அரியணைக்கு அடித்துக்கொண்ட திமீத்ரி ஷெம்யாகா, எதிரியின் தாயையே பிணையாகப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து ஒதுங்கினான். அந்தச் சமயத்தில் ஊர் நன்றாகவே நிலைபெற்றுவிட்டது.

நிலம் முதலில் நோவ்கோரத் குடியரசின் செல்வாக்கில் இருந்தது. 1478இல் நோவ்கோரத்தை மாஸ்கோ விழுங்கியபோது இதுவும் சேர்ந்து போனது. 1565இல் பயங்கர இவான் தனக்கென்று தனியாக எடுத்துக்கொண்ட ஒப்ரீச்னினா நிலங்களில் கார்கோபொல்லும் உண்டு. காசு வராத ஊரை அவன் எடுத்திருக்க மாட்டான்.

காட்டுக்குள்ள இருக்கிற ஊர்ல அப்படி என்ன காசு?

உப்பு. வெள்ளைக் கடற்கரையில் காய்ச்சிய உப்பு ஒனேகா வழியாக மேலே ஏறி கார்கோபொல் வரும். இங்கிருந்து ஏரிகளும் ஆறுகளும் கைகொடுக்க, தெற்கே போகும். அந்த வணிகத்தில் கார்கோபொல் வியாபாரிகளுக்குத் தனிச் சலுகைகள் இருந்தன. 1562இல் கட்டிய வெள்ளைக்கல் தேவாலயம் இன்றும் ஊர் நடுவில் நிற்கிறது. மரத்தாலேயே எல்லாம் கட்டிய வடக்கில் அந்தக் காலத்தில் கல்லில் கட்டுவதற்குக் கை நிறையப் பணம் வேண்டும்.

இந்த உப்புப் பாதையை மறக்க வேண்டாம். கார்கோபொல்லை யார் ஆள்வது என்ற கேள்விக்கு விடை எப்போதும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: அந்தந்தக் காலத்தில் சரக்கு எந்த வழியாகப் போனதோ, அந்த வழியின் முனையில் இருந்தவர்கள்.

பீட்டர் மன்னர் காலத்துல இதைப் பீட்டர்ஸ்பர்க்கோட சேர்த்தாங்களாமே? அவ்வளவு தூரத்துலயா?

ஆமாம். 1708இல் பீட்டர் நாட்டை எட்டு குபேர்னியாக்களாகப் பிரித்தார். கார்கோபொல் போனது இங்கர்மன்லாந்து குபேர்னியாவுக்கு. 1710இல் அதற்கே பீட்டர்ஸ்பர்க் குபேர்னியா என்று பேர் மாறியது. அந்த ஆணையில் ஊர்ப் பட்டியல்தான் இருந்தது, எல்லைக் கோடு கிடையாது. பட்டியலில் கார்கோபொல் பெயர் நேரடியாகவே வருகிறது.

அப்போது ஒரு குபேர்னியா என்பது கிட்டத்தட்ட ஒரு நாடு. புதுத் தலைநகரைச் சதுப்பில் எழுப்ப ஆளும் பணமும் வேண்டும். அதற்கு எங்கெங்கே கை நீட்ட முடியுமோ அதையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டினார்கள். 1719இல் குபேர்னியாவுக்குள் பிரவின்ஸியா என்று ஒரு நடு அடுக்கு வந்தபோது, கார்கோபொல் பெலோஸேர்ஸ்க் பிரவின்ஸியாவில் விழுந்தது.

அப்ப நோவ்கோரத், ஒலோனெத்ஸ் எல்லாம் எங்க வருது?

இந்தப் பகுதி கொஞ்சம் ஊஞ்சல். 1727இல் நோவ்கோரத் தனிக் குபேர்னியா ஆனது. பெலோஸேர்ஸ்க் பிரவின்ஸியாவோடு கார்கோபொல்லும் அங்கே போனது. 1776இல் இரண்டாம் கேத்தரின் சீர்திருத்தத்தில் அதுவே நோவ்கோரத் நமேஸ்த்னிசெஸ்த்வோ. அந்தச் சொல்லை நானும் முழுசாக உச்சரிப்பதில்லை. ஆளுநர் ஆட்சிப் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1784இல் ஒலோனெத்ஸ் என்று ஒரு புது ஆட்சிப் பகுதி கிளம்பியது. கார்கோபொல் அதில் சேர்ந்தது. 1796இல் கேத்தரின் இறந்ததும் மகன் பாவெல் அம்மா கட்டியதையெல்லாம் கலைக்கத் தொடங்கினார். ஒலோனெத்ஸும் கலைந்தது, கார்கோபொல் மறுபடி நோவ்கோரத். 1801இல் பாவெலின் மகன் அலெக்சாந்தர் வந்து ஒலோனெத்ஸைத் திரும்ப உண்டாக்கினார். கார்கோபொல் திரும்ப ஒலோனெத்ஸ்.

1801க்குப் பிறகு ஊஞ்சல் நின்றது. நூற்றுப் பதினெட்டு வருடம் கார்கோபொல் ஒலோனெத்ஸ் குபேர்னியாவிலேயே இருந்தது. இந்த ஊரின் நிர்வாக வரலாற்றில் அவ்வளவு நீண்ட அமைதி அதற்கு முன்னால் இல்லை.

ஒலோனெத்ஸ் குபேர்னியாவுக்குத் தலைநகர் ஒலோனெத்ஸ்தானே?

இல்லை, பெத்ரோஸவோத்ஸ்க். பீட்டர் காலத்துப் பீரங்கித் தொழிற்சாலையிலிருந்து வளர்ந்த ஊர். ஒலோனெத்ஸ் அதே குபேர்னியாவுக்குள் ஒரு உயெஸ்த் தலைமையிடம் மட்டுமே. ஒலோனெத்ஸின் முதல் ஆளுநர் (1784–85) கவிஞர் கவ்ரீலா தெர்ழாவின் என்பது இலக்கிய வாசகர்களுக்கு உபரித் தகவல். மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் சீக்கிரமே மாற்றலாகிப் போனார்.

ஒலோனெத்ஸோட இருந்ததுல இந்த ஊருக்கு என்ன லாபம்? வெறும் பேர்தானே?

வெறும் பேரில்லை. 1864இல் ஜெம்ஸ்த்வோ என்ற உள்ளாட்சி மன்றங்கள் சட்டமாயின. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை, கால்நடை மருத்துவம் எல்லாம் அவற்றின் பொறுப்பு. ஒலோனெத்ஸ் குபேர்னியாவுக்கு 1867இல் ஜெம்ஸ்த்வோ கிடைத்தது. பக்கத்து அர்ஹாங்கெல்ஸ்க் குபேர்னியாவுக்கு ஜார் ஆட்சி விழும்வரை கிடைக்கவே இல்லை. நிலப்பிரபுக்கள் இல்லாத இடத்தில் மன்றத்தை யாரை வைத்து நடத்துவது என்று அரசு யோசித்தது; குடியானவர்களை நம்பி விடத் துணிவில்லை.

ஆக, ஒனேகா ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கிராமத்துக்கு ஜெம்ஸ்த்வோ மருத்துவர் உண்டு. அதே ஆற்றில் கீழே, கடல் பக்கம், அர்ஹாங்கெல்ஸ்க் எல்லைக்குள் இருந்த கிராமத்துக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஒரே ஆறு, ஒரே பேச்சு, ஒரே மாதிரி வீடு. நிர்வாக எல்லை என்பது காகிதக் கோடுதானே என்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

ரயில் ஏன் கார்கோபொல்லுக்கு வரல?

வோலக்தாவிலிருந்து அர்ஹாங்கெல்ஸ்குக்கு 1890களில் ரயில் பாதை போட்டார்கள். அது கார்கோபொல்லைத் தொடாமல் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் போனது. அந்தக் காட்டுக்குள் நியாந்தமா என்று ஒரு நிலையம் முளைத்தது. பழைய நகரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

உண்மையில் சறுக்கல் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1584இல் வடத்வினா ஆற்றின் முகத்தில் அர்ஹாங்கெல்ஸ்க் துறைமுகம் எழுந்தபோது வணிகம் அந்த ஆற்றுக்கு மாறியது. 1703இல் பீட்டர்ஸ்பர்க் வந்தபோது இன்னும் போனது. உப்புப் பாதை என்று மேலே சொன்னேனே, அதன் கதை அவ்வளவுதான். இன்றும் கார்கோபொல் போகிறவர்கள் நியாந்தமாவில் இறங்கிப் பேருந்து பிடிக்கிறார்கள். ரயில் வராததால்தான் ஊர் பழைய அழகோடு தப்பித்தது என்று சுற்றுலா போகிறவர்கள் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். அங்கே வேலை தேடுகிறவர் அப்படிச் சொல்வாரா என்பது வேறு விஷயம்.

1919ல திடீர்னு வோலக்தாவுக்கு ஏன் மாத்தினாங்க?

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. வடக்கே அர்ஹாங்கெல்ஸ்கில் 1918 ஆகஸ்ட் முதல் நேச நாட்டுப் படைகள். ரயில் பாதையை ஒட்டியே போர்முனை. மேற்கே பெத்ரோஸவோத்ஸ்கை நோக்கி 1919 வசந்தத்தில் ஃபின்லாந்துத் தன்னார்வலர் படை ஒன்று வந்துகொண்டிருந்தது. கார்கோபொல் செஞ்சேனையின் கையில் இருந்தது. அந்த முனையை நடத்திய ஆறாவது படையின் தலைமையகம் வோலக்தாவில்.

அப்படியிருக்க, கார்கோபொல் உயெஸ்த்தை ஒலோனெத்ஸிலிருந்து பிரித்து வோலக்தா குபேர்னியாவோடு இணைத்தார்கள். தபாலும் தானியமும் ஆளும் நியாந்தமா ரயில் வழியாக வோலக்தாவிலிருந்துதான் வந்திருக்க முடியும். அதனால் இதைப் போர்க்கால வசதி என்றே நான் படிக்கிறேன். போர் முடிந்த பிறகும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. திருப்பிக் கொடுக்க ஒலோனெத்ஸ் குபேர்னியாவும் இல்லாமல் போனது. 1922இல் அதையே கலைத்துவிட்டார்கள்.

1929க்கும் 1937க்கும் நடுவுல என்னதான் நடந்துச்சு? ஒவ்வொரு புத்தகத்திலயும் ஒவ்வொரு பேர்.

நடந்தது இது. 1929 ஜனவரியில் அர்ஹாங்கெல்ஸ்க், வோலக்தா, வடத்வினா ஆகிய மூன்று குபேர்னியாக்களையும் கோமி தன்னாட்சிப் பகுதியையும் ஒன்றாகக் கட்டி வடக்குக் கிராய் (கிராய் என்றால் பெரும் பிரதேசம்) என்று பேர் வைத்தார்கள். தலைநகர் அர்ஹாங்கெல்ஸ்க். நோக்கம் மரம்: வடக்குக் காடு முழுவதையும் ஒரே கையில் வைத்து வெட்டி, மிதக்கவிட்டு, அறுத்து, கப்பலில் ஏற்றுவது. கிராய்க்குள் ஒக்ருக் என்ற நடு அடுக்கு. நம்ம கார்கோபொல் மாவட்டம் நியாந்தமா ஒக்ருக்கில் சேர்ந்தது. முப்பது வருடம் சொச்சமே ஆன ரயில் நிலையம், பல நூற்றாண்டு நகரத்துக்கு மேலிடம் ஆனது! அதுவும் ஒரு வருடக் கூத்து. 1930இல் ஒக்ருக்குகளைக் கலைத்துவிட்டார்கள்.

1936 டிசம்பரில் புது அரசியலமைப்பு. கோமி தனிக் குடியரசாகப் பிரிந்தது. மிச்சம் வடக்கு மாகாணம் என்று பேர் மாறியது. 1937 செப்டம்பர் 23இல் அதுவும் இரண்டாக உடைந்தது: அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணம், வோலக்தா மாகாணம். வடக்கு மாகாணம் பத்து மாதம்கூட வாழவில்லை. அந்தப் பத்து மாதத்தில் அச்சான காகிதங்கள் இன்றும் வரலாற்று மாணவர்களை அழவைக்கின்றன.

வோலக்தாவோட பத்து வருஷம் இருந்த ஊரை 1937ல ஏன் அர்ஹாங்கெல்ஸ்க் பக்கம் விட்டாங்க?

நியாயமான கேள்வி. 1919 முதல் 1929 வரை வோலக்தாதான் மேலிடம் என்று மேலே சொன்னேன். ஆனால் 1937இல் பிரித்தவர்கள் பழைய குபேர்னியா எல்லையைப் பார்த்துப் பிரிக்கவில்லை. நியாந்தமா ஒக்ருக்கில் ஒன்றாக இருந்த கார்கோபொல், நியாந்தமா, வேல்ஸ்க் மாவட்டங்கள் எல்லாம் வடக்கே அர்ஹாங்கெல்ஸ்கோடு போயின. ஆறுகளும் வடக்கேதான் ஓடுகின்றன, வெட்டிய மரமும் வடக்கேதான் மிதக்கிறது.

இதில் வேடிக்கை, பழைய ஒலோனெத்ஸின் ஏழு உயெஸ்த்களும் இன்று எங்கெங்கே கிடக்கின்றன என்பதுதான். பெத்ரோஸவோத்ஸ்க், ஒலோனெத்ஸ், பூதோஷ், பொவெனெத்ஸ் கரேலியாவில். லொதேய்னயே போலே லெனின்கிராத் மாகாணத்தில். வித்தெக்ரா வோலக்தா மாகாணத்தில். கார்கோபொல் அர்ஹாங்கெல்ஸ்கில். அண்ணன் தம்பி ஏழு பேர் நான்கு வீட்டுக்குத் தத்துப் போன மாதிரி.

பழைய உயெஸ்த்தும் இப்போதைய மாவட்டமும் ஒரே எல்லைதானா?

இல்லவே இல்லை. அதிகமான தவறு நடப்பது இங்கேதான். உயெஸ்த் பெரியது. இன்றைய நியாந்தமா மாவட்டத்து நிலம் அதில் இருந்தது. ஒனேகாவின் கீழ்ப்பகுதியில் கொன்யோவோ, கெனோசெரோ ஏரிப் பகுதிகளும் இருந்தன. 1929இல் கொன்யோவோவைத் தலைமையாக வைத்துப் பிரியஸோர்னி என்று தனி மாவட்டம் போட்டார்கள். குருஷ்சேவ் காலத்தில் மாவட்டங்களைச் சுருக்கியபோது அது மறைந்தது; கொன்யோவோ இன்று பிளெசேத்ஸ்க் மாவட்டத்தில் இருக்கிறது.

ஆகவே 1900ஆம் ஆண்டின் கார்கோபொல் உயெஸ்த் மக்கள்தொகையை எடுத்து இன்றைய மாவட்டத்தோடு ஒப்பிட்டு 'எவ்வளவு குறைந்துவிட்டது பார்' என்று எழுதினால் கணக்கு பொய். குறைந்திருப்பது உண்மை, ஆனால் அந்தக் கணக்கில் இல்லை.

கார்கோபொல்லாக் முகாம் இந்த மாவட்டத்துலதானே இருந்தது?

பாதி சரி. 1937இல் அந்தச் சிறைமுகாம் தொடங்கியபோது தலைமையகம் கார்கோபொல் நகரில் இருந்தது. 1940இல் ரயில் பாதையை ஒட்டிய எர்த்சேவோவுக்கு மாறியது. அது இன்றைய கோனஷா மாவட்டம். பேர் மட்டும் கார்கோபொல்லாக் என்றே நின்றுவிட்டது. முகாமுக்கு மாவட்ட எல்லை ஒரு பொருட்டில்லை. அதற்கு மேலிடம் மாஸ்கோ. நினைவுக்குறிப்புகளில் 'கார்கோபொல் முகாம்' என்று வரும்போதெல்லாம் நகரத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் எர்த்சேவோவைச் சுற்றிய மரவெட்டுத் தளங்கள்தான்.

ஒரே வீட்டுல பிறந்து, அங்கேயே செத்தவர் எத்தனை மாகாணத்துல வாழ்ந்திருப்பார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஒரு கல்லூரி மாணவி கேட்டது. ஒஷெவென்ஸ்க் என்று எடுத்துக்கொள்வோம். பதினைந்தாம் நூற்றாண்டு மடம் ஒன்றைச் சுற்றிய கிராமக் கொத்து, கார்கோபொல்லுக்கு வடக்கே. 1905இல் அங்கே ஒரு குழந்தை பிறந்தால் ஞானஸ்நானப் பதிவில் ஒலோனெத்ஸ் குபேர்னியா, கார்கோபொல் உயெஸ்த். இருபது வயதில் திருமணம் என்றால் சான்றிதழில் வோலக்தா குபேர்னியா, அதே உயெஸ்த். 1930 தொடக்கத்தில் கூட்டுப்பண்ணையில் சேர்ந்தால் வடக்குக் கிராய், நியாந்தமா ஒக்ருக், கார்கோபொல் மாவட்டம். அடுத்த வருடம் ஒக்ருக் வரியை அடித்துவிட வேண்டும். 1937 கோடையில் ஒரு கடிதம் போட்டால் வடக்கு மாகாணம். 1941இல் போருக்கு அழைத்தால் அர்ஹாங்கெல்ஸ்க் மாகாணம். 1975இல் இறந்தாலும் அர்ஹாங்கெல்ஸ்க்தான்.

ஐந்து. வீட்டு வாசல்படி ஓரடி நகரவில்லை.

அலாஸ்காவை ஆண்ட பாரனவ் இந்த ஊர்க்காரரா? வேற குபேர்னியான்னு போட்டிருக்கே.

அலெக்சாந்தர் பாரனவ் 1740களில் கார்கோபொல்லில் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னால் ரஷ்ய அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் தலைவரானார். மேலே ஊஞ்சல் சொன்ன பதிலைப் பாருங்கள்: அவர் பிறந்தபோது ஊர் நோவ்கோரத் குபேர்னியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவரைப் பற்றி எழுதியவர் தன் காலத்து வழக்கப்படி ஒலோனெத்ஸ் என்று எழுதினால், அதையும் குற்றம் சொல்ல முடியாது. இப்போது எழுதுகிறவர் அர்ஹாங்கெல்ஸ்க் என்பார். பிறந்த ஆண்டைப் பார்த்துக் குபேர்னியாவை எழுதுங்கள் என்பதுதான் என் யோசனை.

நிர்வாகத் தலைமை போயிட்டா ஊருக்கு என்ன ஆகிடும்? பெரிய விஷயமா?

தெற்கே வோஷே ஏரிக்கரையில் சரோந்தா என்று ஓர் ஊர். 1708 பட்டியலில் கார்கோபொல்லோடு அதற்கும் இடம் இருந்தது. பெலோஸேர்ஸ்க் பிரவின்ஸியாவிலும் இரண்டும் சகபாடிகள். 1776இல் சரோந்தாவின் நகரத் தகுதியை எடுத்துவிட்டார்கள். அதிகாரி போனார், சந்தை போனது, பிறகு ஆட்கள் போனார்கள். இன்று அங்கே இடிந்துகொண்டிருக்கும் ஒரு தேவாலயமும் சில வீடுகளும்தான். சாலைகூடச் சரியாக இல்லை, ஏரி வழியாகப் படகில் போக வேண்டும்.

கார்கோபொல்லும் வணிகத்தை இழந்தது, 1765இல் பெரிய தீயில் எரிந்தது, ரயிலையும் தவறவிட்டது. ஆனால் உயெஸ்த் தலைமையிடம் என்ற பலகை கழன்று விழவில்லை. பலகை இருந்ததால் பள்ளி, நீதிமன்றம், கருவூலம், ஆஸ்பத்திரி. சரோந்தாவுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். பாதையும் மாறிவிட்டது அதற்கு. என்றாலும் இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகு 'வெறும் பேர்தானே' என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2020ல கார்கோபொல் மாவட்டத்தையே எடுத்துட்டாங்கன்னு படிச்சேன். உண்மையா?

உள்ளாட்சி அமைப்புதான் மாறியது. 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இரண்டு அடுக்கு வைத்தார்கள்: மேலே மாவட்ட நிர்வாகம், கீழே ஒவ்வொரு நகர, ஊரகக் குடியிருப்புக்கும் தனித் தலைவர், தனி மன்றம், தனி பட்ஜெட். சில நூறு பேர் வாழும் இடத்துக்கும் ஒரு பட்ஜெட் என்றால் அதில் என்ன இருக்கும்? சம்பளம் போக மிச்சம் தெருவிளக்குக்கும் வராது. 2019இல் நகராட்சி ஒக்ருக் என்ற புது வகையைச் சட்டத்தில் சேர்த்தார்கள். இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கலாம் என்று வழி. கார்கோபொல் 2020இல் அந்த வழியில் போய்விட்டது. அக்கம்பக்கத்து மாவட்டங்களும் பின்னாலேயே போயின.

எல்லை மாறவில்லை, தலைமையிடம் மாறவில்லை. மாறியது, தூரத்துக் கிராமத்துப் பாட்டி பாலம் உடைந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பது. முன்பு பக்கத்துத் தெரு, இப்போது கார்கோபொல்.

ஒக்ருக் 1930லயே ஒழிஞ்சுதுன்னு சொன்னீங்க. மறுபடி எப்படி வந்துச்சு?

ஒரே சொல், மூன்று ஆட்கள். 1929–30இன் ஒக்ருக், மாவட்டத்துக்கு மேலே, பல மாவட்டங்கள் சேர்ந்தது. 2020இன் நகராட்சி ஒக்ருக், மாவட்டத்தின் இடத்திலேயே நிற்பது. அப்புறம் 2000இல் வந்த கூட்டரசு ஒக்ருக், பல மாகாணங்களைக் கட்டியது. அர்ஹாங்கெல்ஸ்க் அதில் வடமேற்கு ஒக்ருக்கில் வருகிறது, தலைமையிடம் பீட்டர்ஸ்பர்க். ஆக 1708இல் போன இடத்துக்கே சுற்றி வந்திருக்கிறது கார்கோபொல், வேறு கதவு வழியாக. சொல்லுக்கு 'வட்டாரம்' என்பதுதான் பொருள். எந்த வட்டாரம் என்பதை ஆண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கெனோசெரோ தேசியப் பூங்கா தனி நிர்வாகமா?

இல்லை. 1991 டிசம்பரில் உருவான அந்தப் பூங்கா கார்கோபொல், பிளெசேத்ஸ்க் என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. 2024இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. காட்டையும் பழைய மரக்கோயில்களையும் பார்த்துக்கொள்வது பூங்கா. உள்ளே வாழும் மக்களின் உள்ளாட்சி அந்தந்த மாவட்டத்துடையது. பழைய உயெஸ்த்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தன என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். பூங்காக்காரர்கள் தெரியாமலே பழைய எல்லையில் கொஞ்சம் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

ஆராய்ச்சிக்குப் பழைய ஆவணம் வேணும்னா எந்த ஊருக்குப் போகணும்?

எந்த ஆண்டு என்று முதலில் சொல்லுங்கள். ஒலோனெத்ஸ் குபேர்னியா அலுவலகக் காகிதங்களுக்குப் பெத்ரோஸவோத்ஸ்கில் உள்ள கரேலியாவின் தேசிய ஆவணக் காப்பகம். 1919–29க்கு வோலக்தாவிலும் தேட வேண்டும். அதற்குப் பிறகு அர்ஹாங்கெல்ஸ்க். கோப்புகள் எப்போதும் அவற்றை எழுதிய அலுவலகத்தோடுதான் தங்கும். ஊர் கைமாறும்போது கோப்பு கூடவே கிளம்பி வராது. ஒரு கிராமத்தின் இருநூறு வருடத்தைப் படிக்க மூன்று நகரங்களுக்கு ரயில் டிக்கெட் எடுத்தவர்கள் உண்டு.

நான் வரைபடத்துல தேடினா சைபீரியா பக்கம் காட்டுதே?

அது வேறு. உராலுக்கு அந்தப்புறம் குர்கான் மாகாணத்தில் கார்கபோல்யே என்று ஓர் ஊரும் அதன் பேரில் ஒரு மாவட்டமும் இருக்கின்றன. கார்கோபொல் பகுதியிலிருந்து கிழக்கே குடியேறியவர்கள் கொண்டுபோன பேர் என்பது வழக்கமான விளக்கம். முதல் மாவட்டத்தில் 'கோ', இரண்டாவதில் 'க'. ரஷ்யர்களே தடுமாறும் இடம் இது. தேடும்போது கூடவே 'லாச்சா ஏரி' என்று போடுங்கள், சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.